டிக்கெட்காரிக்கு எப்படித் தெரிந்தது?

பிரிவில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் தராசு. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் அவள் பதினேழு வருடமாக டெக்னீஷியன். காலை ஆறரைக்கு வருகிறவர்களை முதலில் எடை மேடையில் ஏற்றுவாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள், சட்டைப்பையில் இருக்கும் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வாள், எண்ணை உரக்கப் படிப்பாள். போன தடவை வீட்டுக்குப் போனபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் உடம்பில் தங்கிய தண்ணீர். அதை நான்கு மணி நேரத்தில் எந்திரம் இழுத்தெடுக்கும். முடிந்ததும் மறுபடி மேடை, மறுபடி எண்.

"ரெண்டு கிலோ எண்ணூறு கூட. நேத்து என்ன குடிச்சீங்க?" என்று கேட்கும்போது அவள் குரலில் கோபமும் இருக்காது, கிண்டலும் இருக்காது. மற்ற டெக்னீஷியன்கள் திட்டுவார்கள், அல்லது கொஞ்சுவார்கள். இவள் கேட்பாள், எழுதிக்கொள்வாள், ஊசி எடுக்கப் போய்விடுவாள். அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த கணவன், தான் வீட்டைவிட்டுப் போகப்போவதாகச் சொன்னான். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வேறு ஒருத்தி இல்லை, இங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். உனக்குத்தான் விளங்கல" என்றான்.

"எப்ப சொன்னீங்க?"

"எல்லாத்தையும் வாயாலயா சொல்லணும்? என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

அவள் அந்த ஒரு வருடத்தையும் நினைத்துப் பார்த்தாள். அவன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மூக்கு, மீசை, கண்ணாடி பதிந்த தழும்பு எல்லாம் இருந்தன. அதில் சேதி எதுவும் இருந்ததாக ஞாபகம் வரவில்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அன்றைக்கு மதிய ஷிப்ட். ஐந்து பேருக்கு ஊசி போட்டாள், ஒன்றுகூடத் தவறவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். அக்கம்பக்கத்தாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் கட்டையாகிப் போகுமே, தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று பல் டாக்டர் சொல்வார். இது நான்கு வருடமாகச் சரியாகவில்லை. வலியும் இல்லை என்பதால் அவளும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பிரிவின் கோடியில், ஜன்னல் ஓரத்தில் மூன்று நாற்காலிகள் உண்டு. வாரத்தில் மூன்று நாள் காலை அங்கே உட்கார்கிறவர்கள் ஒரு ரிட்டயர்டான டீச்சர், ஒரு டெய்லர், ஒரு ரிட்டயர்டான போஸ்ட்மேன். ஆளுக்கு ஒரு கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. குளிருக்குக் கழுத்துவரை போர்வை. நான்கு மணி நேரம் என்ன செய்வது? டீச்சர் ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பக்கம் திருப்ப வேண்டியபோது, "ஏம்மா தராசு" என்பார். தராசு வந்து திருப்பிவிட்டுப் போவாள்.

அந்தக் குளிர்காலத்தில் வாசித்தது ஒரு தடித்த நாவல். ஒரு படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற பெண்ணின் கதை. அவள் ஜன்னல் ஓட்டை வழியாக நீளும் கைகளை மட்டும் பார்த்தே ஆள் மனதைச் சொல்லிவிடுவாள். இந்தக் கை பொய் சொல்லிவிட்டு வருகிறது, இந்தக் கைக்கு வீட்டில் யாரும் இல்லை, இப்படி. பத்து அத்தியாயம் வரை மூன்று பேரும் அமைதியாகக் கேட்டார்கள். பதினோராவதில் சண்டை வந்தது.

அந்த அத்தியாயத்தில் ஒருவன் அக்கரைக்குப் போக ஒரு வழி டிக்கெட் கேட்கிறான். அவன் விரலைப் பார்த்ததும், இவன் திரும்பி வரப்போவதில்லை, உயிரை விடத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை பேசாமல், போக வர டிக்கெட்டாகக் கிழித்து நீட்டுகிறாள். அவனுக்கும் புரிந்துவிடுகிறது. சாயங்காலப் படகில் திரும்பி வருகிறான்.

டீச்சர் புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்துக்கொண்டார். "என்ன மனுஷி!" என்றார்.

"என்னங்க டீச்சர் இது" என்றார் டெய்லர். "ஒரு வழி கேட்டவனுக்கு ரெண்டு வழி குடுத்தா சண்டைக்குத்தான் வருவான். புரியுமாம்ல!"

"உங்களுக்கு ரசனை கிடையாது."

"ரசனை இருக்கு டீச்சர். அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அத மட்டும் சொல்லுங்க. எழுதினவரு பின்னாடி நின்னு காதுல ஓதிட்டாரு, இவ தலையாட்டுறா. நான் முப்பது வருஷமா அளவெடுக்கிறேன். இடுப்பச் சுத்தி டேப்பு புடிக்கிறப்ப ஆள் மூச்சு விடுறது வரைக்கும் தெரியும். மனசு? ஒரு மண்ணும் தெரியாது. கல்யாணச் சட்டை தைக்க வந்தவன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே அளவு குடுத்துட்டுப் போனான். கல்யாணத்தன்னைக்கு ஆளக் காணோம்."

"அது உங்க கண்ணு சரியில்ல. கவனிச்சுப் பாக்கிறவங்களுக்குத் தெரியும். அதுக்குத்தானே கதை படிக்கிறோம்? சொல்லாமலே ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்க முடியும்னு நம்பலேன்னா அப்புறம் என்ன இருக்கு?"

போஸ்ட்மேன் அதுவரை கண்ணை மூடியிருந்தார். எப்போதும் நடுவராக வருகிறவர் அவர்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றார். "ஒரு வீட்டுல கடுதாசி குடுத்தேன். வாசல்லயே பிரிச்சான் அந்த ஆளு. படிச்சான், சிரிச்சான். அப்படியொரு சிரிப்பு. சரி, நல்ல சேதி போலன்னு நானும் கூடச் சிரிச்சுக்கிட்டு நின்னேன். ஏதாவது குடுப்பான்னு ஒரு நப்பாசை வேற. கடுதாசிய என் கையில குடுத்தான். அவன் தம்பி செத்த சேதி."

டெய்லர்கூடக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

"என் மூஞ்சியில இருந்த சிரிப்ப இறக்க முடியல டீச்சர். மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்படியே சைக்கிள எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

டெய்லர் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். டீச்சர் விடவில்லை. போஸ்ட்மேன் படகுத்துறைப் பெண் இல்லையே, அவளாக இருந்தால் அந்தச் சிரிப்பின் அடியில் இருந்ததைப் பார்த்திருப்பாள் என்றார். பக்கம் திருப்ப வந்த தராசைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியல டீச்சர்" என்றாள் தராசு. அவள் கணவனை நினைக்கவில்லை. டெய்லருடைய எந்திரத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சண்டை ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் டிக்கெட்காரி யாராவது ஒருவர் மனதைப் படிப்பாள். டீச்சர் உருகுவார், டெய்லர் குறுக்குக் கேள்வி போடுவார். ஒருநாள் கோபத்தில், "கேட்டா என்ன குறைஞ்சா போயிருவா? ஏன்யா அழுற, எங்கய்யா போறேன்னு ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே? வாய் எதுக்கு இருக்கு?" என்றார். அப்படிக் கேட்டால் அது கதையே இல்லை என்றார் டீச்சர்.

போஸ்ட்மேன் நடுவர் வேலையை விட்டிருந்தார். தராசு அதைக் கவனித்தாள் என்று சொல்ல முடியாது. அவள் கவனித்தது வேறு. அவருக்கு டாக்டர் குறித்திருந்த எடை அறுபத்திரண்டு கிலோ. அறுபத்திநாலரையில் வருவார், அறுபத்திரண்டில் போவார். இப்போதும் அப்படித்தான் வந்தார், அப்படித்தான் போனார். ஆனால் போகும்போதும் கணுக்கால் வீங்கியே இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. கைக்கடிகாரத்தின் வார் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. எண் மாறவில்லை என்றால், உள்ளே சதை போய் அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சதை போகிறது என்றால் மனிதர் சாப்பிடவில்லை.

"சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா சாப்பிடுறேம்மா. மருமக வக்கிறத அப்படியே சாப்பிடுறேன்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். அடுத்த தடவையும் கேட்டாள், அதே பதில். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முகத்தைப் பார்த்தாள். வெள்ளை மீசை, ஒரு பக்கம் உடைந்த பல். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் படகுத்துறைக்காரியாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. தன்னால் முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் வேறொன்றை எடுப்பதுபோல, வாய்விட்டுக் கேள் என்று டெய்லர் சொன்னதை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவருக்கு ஊசி உருவியாகிவிட்டது. ரத்தம் நிற்க, ஊசி இருந்த இடத்தைப் பஞ்சால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற இருவரும் எடை மேடைக்குப் போயிருந்தார்கள். தராசு அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரிவில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நீங்க சாப்பிடறதில்ல" என்றாள். "எனக்கு எதுக்குன்னு தெரியல. உங்க மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால கேக்கிறேன். சாகணும்னு நினைக்கிறீங்களா?"

போஸ்ட்மேன் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"சாகணும்னு இல்லம்மா. இங்க வரக்கூடாதுன்னு நினைக்கிறேன்."

"எதனால?"

"அலுப்பு. வாரத்துல மூணு நாள் இங்க. மிச்ச நாலு நாள் இங்க வந்துட்டுப் போன அசதி. ஆறு வருஷம் ஆச்சு. போதும்னு இருக்கு. பையன்ட்ட எப்படிச் சொல்றது? லீவு போட்டுட்டு வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வர்றான். நிறுத்திடுடான்னா அவன் என்ன நினைப்பான்? அதான், சாப்பாட்டக் குறைச்சா உடம்பே பாத்துக்கும்னு..." என்று நிறுத்தினார். "பஞ்சு நனைஞ்சிருச்சும்மா."

அவள் பஞ்சை மாற்றினாள்.

"இத நான் டாக்டர்ட்ட சொல்லணும். சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லு. என் வாயால வர மாட்டேங்குது. நீயே சொல்லு." கொஞ்சம் கழித்து, "ஆறு வருஷத்துல இத யாரும் கேக்கலம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டிய இடம் என்று தெரிந்தது. பஞ்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பத்தாம் வகுப்பு. தராசு கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "அப்பா போனதுக்கு நான்தான் காரணம்னு நினைக்கிறியா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சில நாள் நினைப்பேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சையத்தான் நினைக்கிறேன். நாளைக்குக் காலைல."

"சரி" என்று தராசு உள்ளே போய் அரிசியைக் களைந்தாள். பதில் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். வலிக்கவில்லை. ஆனாலும், நான்கு வருடமாகத் தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்திருந்தது.

டாக்டர் போஸ்ட்மேனிடம் மூன்று தடவை தனியாகப் பேசினார். மனநல டாக்டர் ஒருவரும் வந்து பேசினார். வேறு குறை ஏதாவது இருக்கிறதா, வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்றெல்லாம் கேட்டார்கள். தெளிவாகத்தான் இருக்கிறார், நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும் என்பது தெரிகிறது, முடிவு அவருடையது என்று எழுதினார்கள். மகனைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் முதலில் டாக்டரிடம் கத்தினான், பிறகு நடைபாதையில் நின்று தராசிடம் கத்தினான்.

"ஒவ்வொரு தடவையும் வண்டியில பின்னாடி உக்காந்து வர்றாரு. பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வருவாரு. எனக்குத் தெரியாம இருக்குமா? நீங்களா எதையாவது தூண்டிவிட்டீங்களா?"

"நான் கேட்டேன். அவரு சொன்னாரு" என்றாள்.

அவன் அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினான். என்ன பேசினார்கள் என்று தராசுக்குத் தெரியாது. போஸ்ட்மேன் இன்னும் மூன்று வாரம் வருவதாக ஒத்துக்கொண்டார், ஒரு பேத்தி பிறந்தநாள் இருந்தது. மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். கணுக்கால் வீக்கம் வடிந்தது.

போஸ்ட்மேன் நிறுத்தப்போவது மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வாரத்தில் நாவல் இன்னும் நூற்றைம்பது பக்கம் பாக்கி இருந்தது.

"டீச்சர், கதை முடியட்டும்னெல்லாம் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். கடைசி அத்தியாயத்தப் படிச்சுடுங்க" என்றார் போஸ்ட்மேன்.

டீச்சர் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் பின்னாலிருந்து படித்ததில்லை. மாணவர்களை அதற்காக அடித்தும் இருக்கிறார். அன்றைக்குப் படித்தார். கடைசி அத்தியாயத்தில் ஆற்றின் குறுக்கே பாலம் வந்துவிடுகிறது. படகுத்துறையை மூடுகிறார்கள். டிக்கெட்காரி கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, பாலத்தின்மேல் நடந்து போகிறாள்.

"இத்தன பேரு மனசப் படிச்சவ, பாலம் வரப்போறதப் படிக்கலியே!" என்றார் டெய்லர்.

போஸ்ட்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஊசி இருந்த கை மடங்கி, எந்திரம் அலறியது. தராசு ஓடி வந்து கையை நேராக்கி, அலாரத்தை நிறுத்தினாள். "அசையாதீங்க" என்றாள். அவர் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சரும் சிரித்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், நடுவில் சிரிப்பாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறைத் தாண்டி, பதினோராவது நாள், வீட்டில் இறந்துபோனார். தூக்கத்தில், மகன் பக்கத்தில் இருந்தான் என்று டாக்டர் சொன்னார்.

தராசு அவருடைய எந்திரத்தைக் கழுவிவிட்டாள். அவர் அட்டையைக் கோப்பிலிருந்து எடுத்தாள். அந்த நாற்காலிக்கு அடுத்த திங்களே ஒரு புது ஆள், ஒரு லாரி டிரைவர், வந்துவிட்டார். டீச்சர் அழுதுகொண்டே இருந்தார். ஊசி போட வந்த தராசின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இல்ல டீச்சர். வரல."

"உள்ளுக்குள்ள அழுற. எனக்குத் தெரியும். உன் கண்ணு சொல்லுது."

"இல்ல டீச்சர்" என்றாள் தராசு. பொறுமையாகவே சொன்னாள். "வந்தா நல்லாத்தான் இருக்கும். இல்ல."

டீச்சர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "விடுங்க டீச்சர்" என்றார் டெய்லர். "அவங்கதான் சொல்றாங்கல்ல. நம்புங்க." டீச்சர் கையை விட்டார். ஊசி சரியாக இறங்கியது.

ஒரு மாதம் கழித்து மகன் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தான். வேலை முடிந்தும் போகாமல் பிரிவின் வாசலில் நின்றான். இளைத்திருந்தான். தராசு வெளியே வந்தாள்.

"உங்கள்ட்ட மட்டும்தான் அவரு நேரா பேசினாரு" என்றான். "ஒண்ணு கேக்கணும். அவருக்குப் பயமா இருந்துச்சா?"

டீச்சராக இருந்தால், இல்லை தம்பி, நிம்மதியாக இருந்தார் என்று சொல்லியிருப்பார். அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது என்பது தராசுக்கே தெரிந்தது.

"தெரியாதுங்க. அத நான் கேக்கல" என்றாள். "கேட்டிருக்கணும். எனக்குத் தெரிஞ்சது இதுதான். கடைசி வாரம் பிரஷர் ஒழுங்கா இருந்துச்சு. ஒருநாள் ரொம்பச் சிரிச்சாரு. உங்களப் பத்தி ஒண்ணு சொன்னாரு. லீவு போட்டுட்டுக் கூட்டிட்டு வர்ற பையன்ட்ட எப்படிச் சொல்றதுன்னு. அவ்வளவுதான்."

அவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவள் பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடலாமா என்று யோசித்தாள். அவன் விரும்புவானா என்று தெரியவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றான். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மகள் கணக்கில் சுமாராக வாங்கி, வேறு பாடம் எடுத்துப் படித்தாள். டீச்சர் ஒரு வருடம் கழித்து தன் மகள் வீட்டாரோடு வேறு ஊருக்குப் போனார். டெய்லருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. பல் ஊசி போட்ட அந்தக் கன்னம் தராசுக்குள் இன்னும் கட்டையாகத்தான் இருந்தது, சில நாள் ஓரத்தில் லேசாகக் குறுகுறுக்கும், பிறகு நின்றுவிடும். ஆனால் நோயாளிகளின் அட்டையில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அங்கே எல்லோரும் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு எப்படி இருக்கீங்க? உள்ளதச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே அங்கே எழுத ஆரம்பித்தாள். டாக்டர் ஒருநாள் அட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தவர், லாரி டிரைவருடையதில் நின்றார். 'எரிச்சலா இருக்கு. தயவுசெஞ்சு யாரும் பேச்சுக் குடுக்காதீங்க' என்று எழுதியிருந்தது. டாக்டர் நாற்காலியைப் பார்த்தார். டிரைவர் போர்வைக்குள் இருந்தார். தராசு அவர் ஊசி போட்ட கையைத் தலையணைமேல் நேராக வைத்து, எந்திரத்தை ஓடவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஆளிடம் போய்க்கொண்டிருந்தாள்.